மண்ணுக்கு ஒரு போர்வை

உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீயிடும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் உள்ளது. தூய்மை கருதிச் செய்யப்படும் இச்செயலால் இலையிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையோடு போய்விடுகின்றன. எஞ்சுவது சிறிதளவு சாம்பலே. பிறகு அதே தோட்டத்திற்கு விலை கொடுத்து உரம் வாங்கப்படுகிறது!

காட்டின் தரையே மண் வளத்திற்கு முன்மாதிரி என்று கண்டவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் பீகாரிலுள்ள பூசாவுக்கு வந்த இந்த ஆங்கில அறிஞர், இந்திய உழவர்களைத் தம் ஆசிரியர்களாகவே மதித்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய காலத்தில், பயிர்க்கழிவு, சாணம், சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, நீர் தெளித்து, அவ்வப்போது புரட்டி, சுமார் 3 மாதங்களில் மட்கு பெறும் முறையை வகுத்தார். சிறந்த முறைதான், ஆனால் உழைப்பு மிகுந்தது. முதியவர்களுக்கும் அலுவலகம் செல்வோருக்கும் குழி வெட்டிப் புரட்டுவது எளிதன்று.

அவர்களுக்கு ஏற்றது மூடாக்கு. முதலில் மண்ணை நன்கு நனைக்க வேண்டும். அதன்மேல் சருகு, வைக்கோல், உலர்ந்த புல் ஆகியவற்றுள் கிடைப்பதை 3 அல்லது 4 அங்குல உயரத்திற்குப் பரப்ப வேண்டும். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடுவது முக்கியம். ஈரச்சருகு தண்டைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அழுகல் நோய் பற்றும். எஞ்சிய வேலையை மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்ளும். வெயில் நேராகப் படாததால் ஈரம் நெடுநேரம் தங்குகிறது; ஒளி கிட்டாத களை விதைகள் பெரும்பாலும் முளைப்பதில்லை.

இங்கே பலர் அவசரப்பட்டு வைக்கோலையும் மரத்தூளையும் மண்ணோடு கொத்திக் கலந்துவிடுகின்றனர். கரிமம் மிகுந்த இப்பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள், தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடி வெளுத்துப் பசிக்கிறது. மேலே கிடந்தால் இக்குறை மேற்பரப்போடு நின்றுவிடும். ஆகவே கொத்தாமல் விடுவது சோம்பலன்று.

கரையான் வருமே என்ற அச்சமும் உண்டு. அது பெரும்பாலும் உலர்ந்து மடிந்த பொருளையே நாடுகிறது. மூடாக்கு காயாதபடி பார்த்துக்கொண்டால் தொல்லை குறையும். நோயுற்ற செடிகளின் இலைகளையும், விதை முற்றிய களைகளையும் மட்டும் விலக்க வேண்டும். வெப்பமான நம் நாட்டில் சருகு விரைவில் மட்கிவிடும். அடுக்கு மெலிந்து மண் தெரியத் தொடங்கும்போது, பழையதை அகற்றாமல் அதன்மேலேயே புதியதைப் பரப்பலாம்.