அழிக்கப்பட்ட கல்யாணம்: கயலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. 'ஒன் மோர் டே' தொகுப்பை ஒரே மூச்சில் படித்துவிட்டு அந்தச் சூட்டோடு எழுதியிருக்கிறாய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "ஒரு காமிக்ஸ் கதைக்குப் போய் இவ்வளவு கோபமா என்று வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள். கோபப்பட்டது தப்பா பெரியம்மா?" என்று கேட்டிருக்கிறாய். தப்பே இல்லை. 2007இல் அந்தக் கதை வந்தபோது ஸ்பைடர்மேன் வாசகர்கள் கொதித்துப் போனார்கள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் பலருக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. ஆனால் உன் கோபம் எதன் மேல் என்பதை நீ இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. "ஸ்பைடர்மேனான பீட்டரையும் அவன் மனைவி மேரி ஜேனையும் பிரித்துவிட்டார்கள், எழுதியவருக்கு மனசே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். பிரித்ததுதான் குற்றமா, எழுதியவர்தான் பிரித்தாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.

எழுத்தாளர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி 2001இலிருந்து 'அமேசிங் ஸ்பைடர்மேன்' எழுதிவந்தவர். 'ஒன் மோர் டே' அவருடைய கடைசிக் கதை. அதன் முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். கடைசி இரண்டு பாகங்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லும் அளவுக்குப் போனார். மார்வலின் தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா பேசிச் சமாதானப்படுத்திய பிறகுதான் பெயர் நின்றது. கல்யாணம் இருக்கக் கூடாது என்பது கெசாடாவின் முடிவு. அந்தக் கதைக்குப் படம் வரைந்தவரும் அவரேதான். இந்த மாதிரித் தொடர்களில் கதாபாத்திரம் நிறுவனத்தின் சொத்து. எழுதுகிறவர் கூலிக்கு எழுதுகிறவர், இன்று இருப்பார், நாளை வேறொருவர் வருவார். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்த்துத் திட்டுவதற்கு முன், முடிவு யார் மேசையிலிருந்து வந்தது என்று ஒரு முறை விசாரித்துக்கொள்.

கெசாடாவின் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962 ஆகஸ்டில் 'அமேசிங் ஃபேண்டசி' 15ஆம் இதழில் அறிமுகப்படுத்தியபோது பீட்டர் பள்ளிக்கூடப் பையன், பதினைந்து வயசு. காலண்டர்ப்படி வளர்ந்திருந்தால் 2007இல் அவனுக்கு அறுபது. வார இதழ்த் தொடர்கதைக்கு 'முற்றும்' என்று ஒரு நாள் வரும். இதற்கு வராது. உன்னைப் போல ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒருத்தி வந்து உட்காருவாள், அவளுக்கும் அவன் இளைஞனாக இருந்தாக வேண்டும். 1987இல், ஜிம் ஷூட்டர் தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஆண்டு மலர் 21இல் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் நடந்தது. ஸ்டான் லீ எழுதிவந்த செய்தித்தாள் தொடரிலும் அதே வேளையில் கல்யாணம். நியூயார்க் ஷே மைதானத்தில் நடிகர்களை வைத்து ஒரு திருமணமே நடத்திக் காட்டினார்கள். இருபது வருஷம் கழித்து, அது அவனைக் கிழவனாக்கிவிட்டது என்று நிறுவனம் நினைத்தது. விவாகரத்து செய்தால் இன்னும் வயசாகிவிடும், மனைவி செத்தால் அதைவிட மோசம். ஆகவே மெஃபிஸ்டோ என்ற பிசாசைக் கொண்டுவந்தார்கள். குண்டடிபட்டுக் கிடக்கும் மே அத்தையைப் பிழைக்கவைக்கிறேன், பதிலுக்கு உங்கள் கல்யாணத்தைக் கொடுங்கள் என்று அவன் கேட்க, இருவரும் சம்மதிக்க, மறுநாள் காலையில் கல்யாணம் நடந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இப்போது உன்னை 1973க்கு அழைத்துப் போகிறேன், ஏனென்றால் இதே கவலை அப்போதும் இருந்தது. பீட்டரின் காதலி அன்று க்வென் ஸ்டேசி. காதல் முற்றிப்போயிருந்தது, அடுத்தது கல்யாணம்தான். கல்யாணம் செய்துவைத்தால் வயசாகிவிடும், பிரித்துவைத்தால் நம்பும்படி இருக்காது. யாரையாவது சாகடித்து வாசகரை உலுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ஓவியர் ஜான் ரொமிட்டா க்வென் பெயரைச் சொன்னார். எழுதிய ஜெர்ரி கான்வேக்கு அப்போது இருபது வயசு. கில் கேன் வரைந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121ஆம் இதழ் அது. தலைப்பு முதல் பக்கத்தில் இல்லை. அங்கே போட்டால் விஷயம் வெளியாகிவிடும் என்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

அந்த இதழின் பாலத்துக் காட்சியை நீ நிதானமாகப் பார்க்க வேண்டும். கிரீன் காப்ளின் என்ற வில்லன் க்வெனைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசுகிறான், அது அவள் காலைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துவிட்டோம் என்று அவன் சந்தோஷத்தோடு அவளை மேலே இழுக்கிறான். ஆனால் வலை பிடித்த அந்தக் கட்டத்தில், அவள் கழுத்துக்குப் பக்கத்தில், 'ஸ்னாப்' என்று ஒரு சின்ன எழுத்து இருக்கிறது. வேகமாகப் படித்தால் கண்ணில் படாது. இரண்டாம் முறை படிக்கும்போது வயிற்றைப் பிசையும். காப்பாற்ற வீசிய வலைதான் கழுத்தை முறித்ததா? 125ஆம் இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழு அதற்குப் பதில் சொன்னது: வேகமாக விழுந்தவளை வலை திடீரென்று நிறுத்தியதால் வந்த வெட்டிழுப்புதான் உயிரைக் கொண்டுபோனது. (பேச்சில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று வருகிறது, படத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலம். ஐம்பது வருஷமாக வாசகர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இப்படி உற்றுப் பார்க்கிறவர்களை ஏமாற்றுவது சுலபமில்லை.)

அப்போதும் கோபம் வெடித்தது. கல்லூரிகளுக்குப் பேசப் போன இடங்களில் ஸ்டான் லீயை மாணவர்கள் மடக்கினார்கள். அவர் அவளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார், கான்வே 1975இல் க்வெனின் குளோன் ஒன்றைக் கொண்டுவந்தார். கூடவே பீட்டருக்கும் ஒரு குளோன். அந்த இரண்டாம் பீட்டரைத் தோண்டி எடுத்துத்தான் 1994இல் 'குளோன் சாகா' தொடங்கினார்கள். சில மாதங்களில் முடிய வேண்டியது, விற்கிறது என்பதற்காக இரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கப்பட்டு, யார் அசல் என்று வாசகனுக்கே சலித்துப்போனது. வாசகரின் கோபத்துக்குப் பயந்து எடுக்கும் முடிவும் ஆசிரியர் மேசையிலிருந்து வரும் முடிவுதான், அதுவும் கதையைக் கெடுக்கும்.

ஆக 1973இலும் 2007இலும் காரணம் ஒன்று: பீட்டர் கல்யாணமானவனாக இருக்கக் கூடாது. இரண்டுமே மேலிடத்தில் எடுத்த முடிவு. இரண்டுக்கும் வாசகர்கள் கொதித்தார்கள். முதல் கதையை இன்று அமெரிக்க காமிக்ஸின் திருப்புமுனை என்கிறார்கள். இரண்டாவதை யாரும் மன்னிக்கவில்லை. ஏன் என்று யோசி.

என் பதில் இது. க்வென் செத்ததைக் கதை மறைக்கவில்லை. பீட்டர் அந்தப் பாரத்தைச் சுமந்தான், அவனுடைய கைகூட அதில் இருந்தது. 122ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் மேரி ஜேன் ஆறுதல் சொல்ல வருகிறாள். அவன் எரிந்துவிழுந்து போகச் சொல்கிறான். அவள் வாசல்வரை போய்க் கதவைச் சாத்துகிறாள், ஆனால் உள்ளே நின்றுகொண்டு. அதுவரை விளையாட்டுப் பெண்ணாக இருந்தவள் அந்தக் கட்டத்தில் வளர்ந்துவிடுகிறாள். அந்தச் சாவு இல்லாமல் பிறகு வந்த கல்யாணம் இல்லை. வலித்தது, ஆனால் அந்த வலியிலிருந்து கதை முளைத்தது.

'ஒன் மோர் டே'யில் நடப்பது நேர் எதிர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. இருபது வருஷக் குடும்ப வாழ்க்கை பீட்டருக்கு நினைவில்லை. அவன் எதையும் சுமக்கவில்லை. ஸ்பைடர்மேன் கதை எதில் தொடங்கியது? தப்பி ஓடிய திருடனைப் பிடிக்காமல் விட்டான், அதே திருடன் பென் பெரியப்பாவைக் கொன்றான். செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் நீ பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அந்தத் தொடரின் அஸ்திவாரம். 'சிவில் வார்' கதையில் ஊரறிய முகமூடியைக் கழற்றியது பீட்டரே எடுத்த முடிவு. அதன் விளைவாகத்தான் அத்தை மேல் குண்டு பாய்ந்தது. அந்த விளைவை எதிர்கொள்ள வேண்டிய இடத்தில் ஒரு பிசாசு வந்து கணக்கையே அழித்துவிட்டுப் போகிறது. அத்தனையும் இப்போது வாசகரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. உன்னைக் கோபப்படுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். பிரிவைக் கதையாகச் சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், இப்படிக் கொதித்திருக்க மாட்டாய்.

முடிவை வாசகரிடமே விட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். செய்து பார்த்திருக்கிறார்கள். 1988இல் டிசி நிறுவனம், பேட்மேனின் இரண்டாவது ராபின் ஜேசன் டாட் சாகலாமா பிழைக்கலாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343 வாக்கு, பிழைக்கட்டும் என்று 5,271 வாக்கு. 72 வாக்கில் ஒரு பையனின் உயிர் போனது. கதையே அதைத் தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்கு அதில் கசப்பு.

வாங்காமல் விட்டால் போதாதா என்றும் கேட்டாய். அமெரிக்காவில் இந்த இதழ்கள் பெரும்பாலும் காமிக்ஸ் கடைகள் மூலம் போகின்றன. கடைக்காரர் இதழ் வருவதற்குச் சில மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தாக வேண்டும், விற்காததைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. நிறுவனம் முதலில் பார்ப்பது கடைக்காரரின் கணிப்பைத்தான். நீ கடையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனது அங்கே போய்ச் சேர ரொம்ப நாளாகும். அதுவும் வெறும் எண்ணாகத்தான் போய்ச் சேரும், உன் காரணம் அதோடு போகாது. காரணத்தை நீதான் எழுத வேண்டும்.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. 2012 கடைசியில் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 700ஆம் இதழ் வந்தது. டாக்டர் ஆக்டோபஸ் என்ற வில்லன் பீட்டரின் உடம்புக்குள் புகுந்துகொள்கிறான், பீட்டர் சாகிறான். எழுதிய டான் ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அது விமர்சனம் இல்லை, அயோக்கியத்தனம். அதைத் தொடர்ந்து வந்த 'சுபீரியர் ஸ்பைடர்மேன்' நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம். முதலில் சண்டைக்கு நின்றவர்களில் பலர் பிறகு அதை விரும்பிப் படித்தார்கள். அங்கே ஆக்டோபஸ் செய்த ஒவ்வொன்றுக்கும் விளைவு இருந்தது, பீட்டர் திரும்பி வந்தபோது அவை அவன் வாசலில் காத்திருந்தன. நன்றாக இல்லாமல் போயிருந்தாலும் மிரட்டியது மிரட்டல்தான்.

"என் குழந்தைப் பருவத்தை நாசம் செய்துவிட்டார்கள்" என்ற உன் வரியை அடித்துவிடு. அதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் கதை உன்னிடம் பொய் சொன்னது என்று எழுது. மேரி ஜேன் ஏன் சம்மதிக்கிறாள், அந்தச் சம்மதம் இருபது வருஷமாக நாம் அறிந்த மேரி ஜேனுக்குப் பொருந்துகிறதா என்று கேள். பிறக்கவே போகாத மகளை மெஃபிஸ்டோ காட்டுகிற இடம் எனக்கு உண்மையாகவே வலித்தது. அதை ஒப்புக்கொண்டு எழுதினால் உன் எதிர்ப்புக்குப் பலம் கூடும்.

வாசகர் சொல்வதைக் கேட்பவர்கள் இல்லாமல் இல்லை. 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத்திலும் மார்கோ கெக்கெட்டோ ஓவியத்திலும் புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடங்கியது. அதில் பீட்டர் முப்பது தாண்டியவன், மேரி ஜேன் மனைவி, இரண்டு பிள்ளைகள். முதல் இதழைத் திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டியிருந்தது. கல்யாணமானவன் கதை சலிக்கும் என்ற பழைய வாதத்துக்கு மார்வலே கொடுத்த பதில் அது, மூலத்தொடரில் இல்லாமல் வேறொரு உலகத்தில் என்றாலும்.

அதற்கு முன்பே, 2016இல், 'ரிநியூ யுவர் வவ்ஸ்' என்ற தொடரில் பீட்டரும் மேரி ஜேனும் மகள் ஆனியோடு குடும்பமாகவே வில்லன்களைச் சந்தித்தார்கள். தொடக்க இதழ்களை எழுதியவர் யார் தெரியுமா? க்வெனைப் பாலத்திலிருந்து விழவைத்த அதே ஜெர்ரி கான்வே. அந்தத் தொகுப்பை நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன். பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், கட்டத்தைக் குறிப்பிட்டு, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுது.

அன்புடன்,
உன் பெரியம்மா