சீயக்காயும் ஷாம்பூவும்

நுழையும் முன்

'இயற்கையானது' என்று புட்டியில் எழுதியிருந்தால் அதை அப்படியே நம்பலாமா? பாட்டி சொன்னார் என்பதற்காக ஒன்றை அப்படியே ஏற்கலாமா? தில்லியில் வாழும் பேத்தி ஒருத்தி இரண்டையும் சோதித்துப் பார்த்த கதையைப் படிப்போம்.

பாடம்

திருநெல்வேலியிலிருந்து பாட்டி தில்லிக்கு வந்தபோது மார்கழிக் குளிர் தொடங்கியிருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்திக்குத் தலை வாரிவிட அமர்ந்தவர், சட்டென்று சீப்பை நிறுத்தினார். முடி வைக்கோலைப்போல் வறண்டிருந்தது. உச்சந்தலையில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

"நாள்தோறும் தலைக்குக் குளிக்கிறாயா?"

"ஆம், பாட்டி. ஆனால் இது மூலிகை ஷாம்பூதான். பாருங்கள், புட்டியில் இலைப்படம் இருக்கிறது."

பாட்டி புட்டியைத் திருப்பிக் கொடுத்து, "படம் இருக்கட்டும். பின்னால் பொடி எழுத்தில் உள்ளதைப் படி" என்றார்.

பேத்தி படித்தாள். முதலில் தண்ணீர், அடுத்துச் சோடியம் லாரத் சல்பேட். மூலிகைகளின் பெயர்கள் பட்டியலின் இறுதியில்தான் வந்தன. மிகுதியாகச் சேர்க்கும் பொருள்களை முதலிலும் குறைவாகச் சேர்ப்பவற்றைப் பின்னரும் எழுதுவது வழக்கம். அதை அறிந்திருந்த பேத்திக்குப் படம் சொன்னதும் பட்டியல் சொன்னதும் வேறு வேறு என்பது புரிந்தது.

சல்பேட் நஞ்சு அன்று. அழுக்கையும் எண்ணெய்ப்பசையையும் நீரோடு சேர்த்து வெளியேற்றுவது அதன் வேலை. அவ்வேலையை மிகுதியாகச் செய்யும்போது, தோலைக் காப்பதற்காக உடல் தானே சுரக்கும் எண்ணெயும் நீங்கிவிடுகிறது. அதனால் சிலருக்குத் தோல் வறண்டு அரிக்கும். வெந்நீரும் குளிர்காலக் காற்றும் அவ்வறட்சியை மேலும் வளர்க்கும்.

மறுநாள் பாட்டி தம் பெட்டியிலிருந்து சீயக்காய்த்தூள் பொட்டலத்தை எடுத்துவைத்தார். கரைத்துத் தருவதற்குள் பேத்தி தானே ஒரு கைப்பிடித் தூளைத் தலையில் அப்பிக்கொண்டு குளிக்கப் போனாள். சிறிது நேரத்தில் அலறல் கேட்டது. தூள் கண்ணில் இறங்கியிருந்தது. நெடுநேரம் தண்ணீரால் கழுவிய பிறகே எரிச்சல் தணிந்தது. முடியிலும் திப்பி திப்பியாகத் தூள் ஒட்டியிருந்தது.

"இயற்கையானது கண்ணை எரிக்குமா, பாட்டி?" என்று சினத்துடன் கேட்டாள்.

"எலுமிச்சம்பழமும் இயற்கைதான், கண்ணே. அதைக் கண்ணில் பிழிந்துகொள்வாயா?"

பேத்திக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

சீயக்காய் நுரைப்பதற்குக் காரணம் அதிலுள்ள சப்போனின் என்னும் வேதிப்பொருள். ஆம், அதுவும் வேதிப்பொருளே! அதன் ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். சல்பேட்டும் இவ்வாறுதான் அழுக்கை நீக்குகிறது. ஆயினும் சீயக்காயின் நுரை குறைவு, அழுக்கு நீக்கும் ஆற்றலும் மென்மையானது. பூந்திக்கொட்டையிலும் சப்போனின் உண்டு. கொங்குநாட்டில் உசிலை இலையை உலர்த்தி இடித்த அரப்புத்தூளைத் தலைக்குத் தேய்ப்பர்.

அடுத்த வாரம் பாட்டி சொன்ன முறைப்படி நடந்தது. சீயக்காய்த்தூளைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்து, துணியில் வடிகட்டினர். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் காத்திருந்து, அரிப்பில்லை என்று உறுதிசெய்தனர். பிறகு பேத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலைக்குக் குளித்தாள். தொட்டியில் வளர்ந்த செம்பருத்தியின் இலைகளை அரைத்தபோது வந்த வழவழப்பான சாற்றையும் முடியில் தடவி அலசினாள். அச்சாறு முடியின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து சிக்கைக் குறைத்தது. கண்டிஷனர் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

வாரத்திற்கு இருமுறை மட்டுமே தலைக்குக் குளித்தாள். ஒரு மாதத்தில் தோல் உரிவது குறைந்தது. எனினும் எண்ணெயை மிகுதியாகத் தேய்த்த நாளில் சீயக்காய் அதை முழுதும் நீக்கவில்லை. அதையும் அவள் தன் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதினாள்.

பள்ளியில் ஒரு தோழி, "உன் தலையில் என்ன மணம்?" என்று கேட்டபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டாள்.

பொட்டலம் தீர்ந்ததும் இருவரும் பழைய தில்லியின் காரி பாவ்லிச் சந்தைக்குச் சென்றனர். அங்கே மூட்டையில் உலர்ந்த காய்கள் குவிந்திருந்தன. கடைக்காரர் இந்தியில் விலை சொன்னார்: "சிகாகாய்!"

"இது இந்திச் சொல்லா, பாட்டி?"

"நம் சொல்தான். சிகை என்றால் தலைமுடி. இதைச் சிகைக்காய் என்றும் சீயக்காய் என்றும் சொல்வோம். இங்கே சிகாகாய் ஆயிற்று."

பேத்தி நூலகத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. "அப்படியென்றால் ஷாம்பூதான் இந்தியிலிருந்து போன சொல், பாட்டி! அழுத்திப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் சொல் அது. பாட்னாவில் பிறந்த தீன் முகமது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியலகம் நடத்தினார். அங்கே ஷாம்பூ என்றால் உடலைப் பிடித்துவிடுவதாம். தலை கழுவும் பொருள் என்பது பிறகு வந்தது."

பாட்டி வியந்து, "இது எனக்குத் தெரியாதே!" என்றார்.

மறுநாள் பேத்தி இரண்டு சீயக்காய்களைப் பள்ளிக்குக் கொண்டுசென்று தோழியிடம் கொடுத்தாள். "நீ கேட்ட மணம் இதுதான்."

தோழி முகர்ந்து பார்த்தாள். "எங்கள் பாட்டி இதை ரீட்டாவோடு ஊறவைப்பார்!"

சொற்பொருள்

சிகை – தலைமுடி
திப்பி – கரையாமல் எஞ்சும் சக்கை
வடிகஞ்சி – சோறு வடித்த நீர்
ரீட்டா – பூந்திக்கொட்டையின் இந்திப் பெயர்

பயிற்சிகள்

1. புட்டியின் படத்திற்கும் பொருட்பட்டியலுக்கும் இருந்த வேறுபாடு யாது?
2. பேத்தியின் முதல் முயற்சி ஏன் தோல்வியுற்றது?
3. பேத்தி தலைக்குத் தேய்ப்பதை மாற்றினாள்; குளிக்கும் முறைகளின் எண்ணிக்கையையும் குறைத்தாள். தோல் உரிவது எதனால் குறைந்தது என உறுதியாகக் கூற முடியுமா? சிந்தித்து எழுதுக.
4. இலக்கணக் குறிப்பு எழுதுக: வடிகஞ்சி.
5. உங்கள் வீட்டில் தலைக்குத் தேய்க்கும் பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் எழுதுக.