குருந்தக் கல்லும் ராமன் ஒளியும்

நம் அவிநாசிக்குத் தென்கிழக்கே உள்ள காங்கேயம், சிவன்மலைப் பகுதிப் பாறைகளில் குருந்தம் என்னும் கல் கிடைக்கிறது. மிகக் கடினமான கனிமங்களுள் ஒன்றாகிய இதன் தமிழ்ப் பெயரிலிருந்தே ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. குருந்தத்தில் சிறிதளவு குரோமியம் கலந்திருந்தால் அது செந்நிற மாணிக்கமாகும். விஞ்ஞான வரலாற்றில் இம்மாணிக்கம் பெற்ற இடத்தை நாம் சிறிது காண்போம்.

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன், 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை உறுதி செய்தார். ஒரு பொருளின் மீது ஒற்றை நிற ஒளி பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே, அது பொருளின் கைரேகை போன்றது. ஆனால் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்றே இவ்வாறு மாறுகிறது. இத்துணை மங்கலான ஒளியைப் படம் பிடிப்பது எளிதா?

எளிதன்று என்பதை அன்னா மாணியின் வாழ்வு காட்டுகிறது. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற இவர், பெங்களூரில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்தார். ஒரே படத்திற்குப் பதினைந்து, இருபது மணி நேரம் ஒளி படவேண்டும். அதனால் பல இரவுகளை ஆய்வுக்கூடத்திலேயே கழித்தார். 1945-இல் ஆய்வேட்டை அளித்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் பணியில் முன்னின்று, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார்.

1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கினார். அதன் இதயமாக அமைந்தது செயற்கை மாணிக்கக் கோல். லேசரின் ஒளி ஒரே நிறமுடையது, சிதறாமல் நேராகச் செல்வது, மிக வலுவானது. எனவே பல மணி நேரம் காத்திருந்து பெற்ற ராமன் ஒளியைச் சில நிமிடங்களிலேயே பெற முடிந்தது.

அடுத்த வியப்பு, பொருள்களின் மேற்பரப்பில் காத்திருந்தது. 1974-இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகர ஆய்வாளர்கள், சொரசொரப்பாக்கிய வெள்ளியின் மீது ஒட்டிய பிரிடின் என்னும் பொருளிலிருந்து ராமன் ஒளி மிக வலுவாக வரக் கண்டனர். அவ்வொளி ஏறத்தாழ லட்சம் மடங்கு பெருகியிருப்பதை 1977-இல் வேறு இரு குழுவினர் தெளிவுபடுத்தினர். வெள்ளியின் நுண்ணிய மேடுகளில் உள்ள எலக்ட்ரான்கள் லேசர் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, ஒளியை அங்கே குவிப்பதே இதன் முக்கியக் காரணம். பழத்தோலில் எஞ்சிய பூச்சிமருந்தைக் கண்டறியவும் இன்று இம்முறை பயன்படுகிறது.

அம்மேடுகளை நாம் எவ்வாறு காண்பது? ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியவற்றைச் சாதாரண நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது. ஒளிக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பயன்படுத்தும் நுண்ணோக்கியை 1931-இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் உருவாக்கினர். இதற்காக ருஸ்கா 1986-இல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊர்ப் பஞ்சின் ஓர் இழையை இக்கருவியில் வைத்தால், முறுக்கிய நாடா போலத் தெரியும். இழைகள் ஒன்றையொன்று பற்றி நூலாக நிற்க அம்முறுக்கு உதவுகிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி மேற்பரப்பின் வடிவைக் காட்டுகிறது. லேசர் ஒளியோ அதிலுள்ள பொருள் இன்னதென்று சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை பெறும்.

மாணவிகளே! அன்னா மாணியின் ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு வேறுபாடின்றி வைக்கப்பட்டுள்ளது. பட்டம் பிறர் தருவது, உழைப்பு நம்முடையது. மங்கலான ஒளிக்காக இரவெல்லாம் விழித்திருந்த அப்பொறுமையை நாமும் கற்போம்.