பேக் பிரஷர் என்னும் பொய்

"கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தாத்தான் சார் வண்டி இழுக்கும்."

எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. சொல்பவர் கைதேர்ந்த மெக்கானிக் என்பதால் பையன்கள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். தவறு, முழுத் தவறு. புகை வெளியேறும் வழியில் உண்டாகும் எதிரழுத்தமான பேக் பிரஷர் எந்த எஞ்சினுக்கும் தேவையில்லை. எரிந்த புகையை வெளியே தள்ளப் பிஸ்டன் தன் சக்தியைச் செலவழிக்கிறது. வழியில் தடை கூடினால் அந்தச் செலவும் கூடும்.

அகலமான குழாயை மாட்டியதும் பிக்கப் குறைகிறதே என்பார்கள். குறைவது உண்மை. காரணம்தான் வேறு.

எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. சூடான புகையில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். குழாய் திறக்கும் இடத்தை அடைந்ததும் அது தாழ்வழுத்த அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் சிறு இடைவெளியில் வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை உறிஞ்சி வெளியேற்றிப் புதுக் கலவையையும் உள்ளே இழுக்கும். ஒரு மீட்டர் குழாயில் போய்த் திரும்ப 4 மில்லிநொடி. அது பெரிதாக மாறாது. எஞ்சின் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரமோ 3000 ஆர்பிஎம்மில் 20 மில்லிநொடி, 8000-இல் 7.5. ஒரு வேகத்தில் கைகொடுக்கும் அலை இன்னொரு வேகத்தில் காலை வாருவது இதனால்தான். குட்டைக் குழாய் அந்தப் பலனை மேல் வேகத்துக்குத் தள்ளிவிடுகிறது. குழாய் அகலமானால் புகையின் ஓட்டமும் தளரும். போதாததற்கு, கார்புரேட்டர் வண்டியில் கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்துபோகலாம். பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் ஜெட்டைத் தொடாமல் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டுப் பேக் பிரஷர் போய்விட்டது என்று புலம்பக் கூடாது.

யமஹா 1980களின் பிற்பகுதியில் எஃப்இசட்ஆர் வண்டிகளில் வைத்த எக்ஸப் வால்வைச் சிலர் சாட்சிக்கு இழுப்பார்கள். கீழ் வேகத்தில் அது புகைவழியைக் குறுக்குவது, தப்பான நேரத்தில் திரும்பும் அலையை உடைப்பதற்காக.

டூ-ஸ்ட்ரோக்குக்குமா வேண்டாம்? வேண்டாம். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1961-இல் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். விரிந்து பின் குறுகும் அவருடைய குழாயில், விரியும் பகுதி அனுப்பும் அலை புகையை உறிஞ்சும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, எக்ஸாஸ்ட் போர்ட் மூடும் முன் வந்து, வெளியே வழிந்த புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். நேரம் பார்த்து வரும் ஒரு துடிப்பு அது. அதை எப்போதும் அடைத்துக்கொண்டிருக்கும் தடையோடு குழப்பாதீர்கள். எம்இசட்டின் ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் அதே ஆண்டு நாட்டை விட்டுத் தப்பி அந்த நுட்பத்தைச் சுசுகிக்குக் கொண்டுபோனார். 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது.

சத்தம் கூடினால் பவர் கூடும் என்பது பிதற்றல்; சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றினால் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிப்பது பெருமைப்படும் விஷயமல்ல: எரியாத பெட்ரோல் குழாயில் எரிகிறது, பெரும்பாலும் கேஸ்கட் வழியாகக் காற்று புகுந்திருக்கும். பெண்ட் பைப் நீலம் பாய்வது சூட்டில் உலோகத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தால். அதற்காக எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

டூ-ஸ்ட்ரோக் வண்டியான யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களை மன்றாடிக் கேட்கிறேன்: அசல் சைலன்சரை அறுக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். 98 சிசியில் 11 குதிரைத்திறன் கிடைத்ததில் அதன் உள்வடிவத்துக்கும் பங்குண்டு. அறுத்த குழாயில் அலை திரும்பும் இடமே மாறிவிடும், பிறகு எந்த ஜெட்டாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. கார்பன் அடைத்திருந்தால் பின்முனை உள்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதையே திரும்ப மாட்டுங்கள்.