பிரித்துப் பின்னலாம்

மேல்விஷாரத்தில் என் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தவறாகிவிடுமோ என்ற பயத்தில் கணக்கு நோட்டில் எதையும் எழுதமாட்டாள்.

கைவேலை வகுப்பில், வீட்டு ஊசி, பொத்தான் வைக்க குரோஷா ஜிப் பை பின்னினோம். மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள், 15 செ.மீ. ஜிப்புக்கு எத்தனை? அவள் 25 போட்டாள். ஜிப் 2.5 செ.மீ. நீட்டிக்கொண்டு நின்றது.

“10ஓட 10 கூட்டினா 20. அதான் 15ஓடயும் 10 கூட்டினேன், டீச்சர்.”

விகிதத்தைக் கூட்டலாக எண்ணியிருக்கிறாள். ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மா சொல்வாராம்: தோலில் தப்பா ஊசி இறங்கினா ஓட்டை மறையாது.

“இது நூல்மா. பிரிச்சுக்கலாம்” என்றேன்.

பிரித்தாள். 5 செ.மீ.க்கு 10 கண்ணி என்று தானே எண்ணி, 30 போட்டாள். ஜிப் பொருந்தியது.

மறுநாள் நோட்டில் எழுதினாள், அடித்தும் எழுதினாள். விகிதம் நடத்தும்போது வகுப்பில் ஒரு நூல்கண்டு இருக்கட்டும், ஆசிரியர்களே.