உரியதை முழுமையாகப் பெறுவோம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் பாட்டியோ அத்தையோ சித்தியோ இருப்பர். அவர்களுள் பலருக்கு அரசின் உதவித்தொகை மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. வந்த தொகை குறையாமல் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டுமாயின் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுடைய குடும்பத் தலைவியர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குவது இத்திட்டம். தொடங்கிய சில நாள்களிலேயே ஒரு குறை எழுந்தது. பணம் எடுக்கச் சென்ற பெண்கள் சிலருடைய கணக்கில் 1000 ரூபாய் முழுமையாக இல்லை. வங்கிகள் தமக்குரிய கட்டணத்தை அதிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தன.

இவ்வாறு நேர்ந்தது எதனால்? வழக்கமான சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட தொகை எப்போதும் இருக்க வேண்டும் என்று வங்கிகள் பல விதித்துள்ளன. இதற்குக் குறைந்தபட்ச இருப்பு என்று பெயர். இருப்பு குறைந்தால் கட்டணம் உண்டு. கணக்கில் பணமே இல்லாதபோது அக்கட்டணம் நிலுவையாக நிற்கும். பணம் வந்தவுடன் கழிக்கப்படும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர் போல உதவித்தொகை கரைந்துபோகும்.

அப்போது தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு, உரிமைத்தொகையை எந்தக் கட்டணத்துக்காகவும் வங்கிகள் கழிக்கக் கூடாது என்று அறிவித்தார். பிடித்தம் செய்யப்பட்டோர் 1100 என்னும் முதலமைச்சர் உதவி மைய எண்ணில் முறையிடலாம் என்றும் கூறினார்.

முறையிடுவது பின்னர்ச் செய்வது. இழப்பை முன்னரே தடுக்கவும் வழி உண்டு. அதுவே அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. ஏழை எளியோருக்கு எளிய கணக்குகளைத் தொடங்குமாறு 2005இல் ரிசர்வ் வங்கி வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இந்தியன் வங்கியின் முயற்சியால், எல்லா வீடுகளும் வங்கி வசதி பெற்ற இந்தியாவின் முதற்சிற்றூர் என்னும் பெயரைப் புதுச்சேரியின் மங்கலம் பெற்றது. 2012இல் அந்த எளிய கணக்கே அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றி அமைக்கப்பட்டது. 2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் தன் திட்டக் கணக்குகளும் இவ்வகையினவே.

இக்கணக்கின் இயல்புகள்:

1. குறைந்தபட்ச இருப்புத் தேவையில்லை.
2. பணம் செலுத்தவும், மின்னணு வழியில் வரும் தொகையைப் பெறவும் கட்டணம் இல்லை.
3. ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணம் இல்லை.
4. மாதத்தில் குறைந்தது நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஆதலின் சிறுசிறு தொகையாகப் பலமுறை எடுப்பதைத் தவிர்த்தல் நன்று.
5. இக்கணக்கு உடையவர் அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருத்தல் கூடாது.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சு மாதத்தில் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச இருப்பு விதியை நீக்கியது. எனினும் எல்லா வங்கிகளும் அவ்வாறு செய்யவில்லை. ஆகவே தம் கணக்கு எவ்வகையினது என்பதைக் கேட்டறிதல் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும். மாணவர்தம் கல்வி உதவித்தொகை வரும் கணக்குக்கும் இது பொருந்தும்.

கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் பதிவு செய்து, வரவையும் பற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காரணம் விளங்காத பிடித்தம் இருப்பின் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாள்களுக்குள் தக்க விடை வராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் வழிமுறையைக் கேட்டறியலாம்.

எழுதப் படிக்க அறியாத முதியோர் கேட்கத் தயங்கிப் பணத்தை இழக்கின்றனர். தமிழ் எழுதக் கற்ற பேரப்பிள்ளை தில்லியிலிருந்து எழுதி அனுப்பும் ஒரு விண்ணப்பம் அத்தயக்கத்தைப் போக்கும்.

மாதிரி விண்ணப்பம்

ஐயா, வணக்கம். தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. அரசின் உதவித்தொகை இக்கணக்கில் வரவாகிறது. இதனை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு வேண்டுகிறேன். தங்கள் வங்கியில் எனக்கு வேறு சேமிப்புக் கணக்கு இல்லை. நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம் அல்லது கைரேகை)

சொற்பொருள்

வரவு – கணக்கில் சேரும் பணம்
பற்று – கணக்கிலிருந்து குறையும் பணம்
நிலுவை – செலுத்தப்படாமல் நிற்கும் தொகை
பிடித்தம் – கழித்துக்கொள்ளும் தொகை

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. உரிமைத்தொகை முழுமையாகக் கிடைக்காமற் போனதன் காரணம் யாது?
2. அடிப்படைச் சேமிப்புக் கணக்கின் இயல்புகள் மூன்றினை எழுதுக.

ஆ. கணக்கிடுக.
ஒருவர் கணக்கில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 150 ரூபாய் பிடித்தம் செய்யப்படுகிறது எனக் கொள்க. ஓராண்டில் அவர் இழக்கும் தொகை எவ்வளவு?

இ. எதிர்ச்சொல் எழுதுக.
வரவு, எளிது, முதியோர்

ஈ. செயல்பாடு
ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, அவருடைய கணக்கு எவ்வகையினது என்பதைக் கேட்டறிக. கணக்கு எண்ணையும் இரகசிய எண்ணையும் கேட்டல் கூடாது. அவருக்குத் தேவையாயின் விண்ணப்பம் ஒன்றைத் தமிழில் எழுதி அனுப்புக.