ஆடுகிற பல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா?

சிவில் படிக்கிறவனுக்குப் பல்லோடு என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். பல்லும் ஒரு தூண்தானே? அதற்கு அஸ்திவாரம் தாடை எலும்பு. பாலத்துத் தூணுக்கடியில் மண் அரித்துவிட்டால், மேலே காங்கிரீட் எவ்வளவு நன்றாக இருந்து என்ன புண்ணியம்? ஈறு நோயில் நடப்பதும் அதுவே. சொத்தையே இல்லாத பல்கூட ஆடும்.

“வலிக்கலையேடா, அப்புறம் எதுக்கு டாக்டரு?” என்றார் எங்கள் மாமா. வலிக்காததுதான் இதில் ஆபத்து. பல்லில் படிகிற கிருமிப் படலம் காரையாக இறுகி, ஈறு பல்லைவிட்டு விலகிப் பை மாதிரி ஆகிறது. கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டு அதன் ஆழத்தை அளக்கிறார்கள். நல்ல ஈறில் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகத் தெரிவதால் நோய் மறைந்தே வளரும்.

எடுத்த எடுப்பில் கத்தி வைப்பதில்லை. காரையைச் சுரண்டி, வேரைச் சுத்தம் செய்து, சில வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள். அப்போதும் பை 6 மி.மீ. அளவுக்கு ஆழமாக இருந்தால்தான் பெரும்பாலும் ஆபரேஷன் பேச்சு. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி மடல் போல விலக்கி, வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து தைத்துவிடுவார்கள். பிறகு ஈறு சற்று இறங்கிப் பல் நீளமாகத் தெரியும்; ஐஸ் தண்ணி கூசும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். எலும்பு மட்டமாகத் தேய்ந்திருந்தால் திரும்ப வளர்ப்பது கஷ்டம். கிணறு மாதிரி சுவரோடு குறுகலான பள்ளம் என்றால் எலும்புத் தூளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை வைக்கிறார்கள். ஈறுத் திசு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். ஈறு முந்திக்கொண்டு பள்ளத்தை அடைக்காமல் சவ்வு தடுக்கிறது. நம்ம ஷட்டரிங் வேலையேதான்! கீழ்க் கடைவாய்ப் பல்லின் இரண்டு வேர்களில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால், வேர் சிகிச்சை செய்து, அந்தப் பாதியை மட்டும் அறுத்தெடுத்து மீதியைக் காப்பாற்றுவதும் உண்டு.

காப்பாற்றவே முடியாத பல்லுக்கு டைட்டானியம் திருகு. இந்த உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை சுவீடனின் பிரேனமார்க் 1950களில் முயல் எலும்பில் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். திருகு சொத்தையாகாது. ஆனால் சுத்தமில்லாவிட்டால் அதைச் சுற்றியுள்ள எலும்பும் அரிக்கும். அதனால்தான் திருகு கேட்ட மாமாவிடம் டாக்டர், “முதல்ல பீடியை விடுங்க, ஈறு ஆறட்டும், அப்புறம் பேசலாம்” என்று சொல்லியிருக்கிறார்.